நைட் ஷிஃப்ட் வீட்டுப் பெண்

கொளஞ்சியப்பனுக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்டா இல்லையா என்பதை நாங்கள் எங்கள் வீட்டு மிக்சியை வைத்தே சொல்லிவிடுவோம். நைட் ஷிஃப்ட் என்றால் காலையில் அவர் மனைவி செங்கமலம் தேங்காய்ச் சில்லையும் பச்சைமிளகாயையும் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக எங்கள் அடுப்படிக்கு வந்துவிடுவாள். சுரங்கத்தில் ராவெல்லாம் கன்வேயர் பெல்ட்டோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து தூங்குகிற மனுஷன் காதில் மிக்சிச் சத்தம் விழக் கூடாது. இரண்டு குவார்ட்டர்சுக்கும் நடுவில் ஒரே சுவர்தான் என்றாலும் எங்கள் அடுப்படி அந்தக் கோடியில் இருந்தது. அரைத்து முடித்து, ஜாரைக் கழுவி வைத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விடுவாள்.

அந்த வீட்டில் குக்கர் கிடையாது, வடிசோறுதான். காலிங் பெல் ஒயரைப் பிடுங்கிப் பல வருஷம் ஆயிற்று. டிவியில் படம் மட்டும் ஓடும். கதவுக் கீல்களுக்குத் தேங்காயெண்ணெய் விடுவதைத் தலைக்கு எண்ணெய் வைப்பது போல வாரம் தவறாமல் செய்வாள். ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் வீடு எல்லாமே இந்தச் சுரங்க நகரியத்தில் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். செங்கமலம் கொஞ்சத்தோடு நிற்கிற ரகமில்லை. கல்யாணமான புதிதில், பகலில் தூக்கம் கெட்டு வேலைக்குப் போன ஒருவருடைய கை பெல்ட்டில் மாட்டிக்கொண்டதை அவள் கேள்விப்பட்டாள். அவர் கொளஞ்சியப்பனோடு ஒரே பஸ்ஸில் போய் வந்தவர். அன்றைக்கு வாயில் வைத்த விரலை அவள் பிறகு எடுக்கவே இல்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குப் பக்கத்தில் நான் குடியிருந்தேன். என் பெயர் இசக்கியம்மாள், திருநெல்வேலிப் பக்கம், வேலை பள்ளிக்கூட டீச்சர். நான் ஏழாம் வகுப்பில் பாடம் எடுத்தால் மாடியில் இருக்கும் பத்தாம் வகுப்புக்கும் சேர்த்து நடக்கும். வீட்டுக்காரரோடு நான் சாதாரணமாகப் பேசுவதையே அடுத்த தெருக்காரர்கள் சண்டை என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்ததுண்டு. செங்கமலம் மட்டும் எட்டிப் பார்க்க மாட்டாள். நேரே வந்து, "டீச்சர், கொஞ்சம் மெதுவாங்க. இவுரு இப்பதான் படுத்தாரு" என்பாள். அதையும் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு ஆத்திரமாக வரும். ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொள்வேன், அவளிடம் சண்டை போட்டு யாரும் ஜெயிக்க முடியாது.

அவர்களுக்கு ஒரே பெண், எழில்மதி. தொட்டிலில் இருக்கும்போதே அழாத பிள்ளை என்று பேர் வாங்கியது. அழ விட்டால்தானே? முகம் கோணுவதற்குள் செங்கமலம் அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுவாள். வளர்ந்த பிறகு அந்தப் பெண் பாடத்தை உதட்டசைத்தே மனப்பாடம் செய்தது. தட்டு கை நழுவினால் "ஐயோ" என்று கத்தாது, தரையில் விழுவதற்குள் பாய்ந்து பிடிக்கும். என் வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கும், வாய் அசையும், சத்தம் முன் பெஞ்சைத் தாண்டாது. பரீட்சையில் மட்டும் முதல் மார்க். மற்ற டீச்சர்கள் திமிர் என்றார்கள். "ஏட்டி, வாயத் தொறந்து பேசுட்டி" என்று நானே எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அதற்கும் ஒரு சிரிப்புதான், சத்தமில்லாமல்.

இந்தப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றபோது பிளாக்கே வாயைப் பிளந்தது. கொளஞ்சியப்பன் பி.எஃப். பணத்தில் கை வைத்தார் என்பது எல்லாருக்கும் தெரியும், அதற்கு மேல் அவர் வீட்டுக் கணக்கை நான் எழுதப் போவதில்லை. "எதுக்குட்டி இந்தப் படிப்பு?" என்று கேட்டேன். அவள் யோசித்து, "மேல போய்ட்டா யாரையும் எழுப்பிட மாட்டோம்ல டீச்சர்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தது பயிற்சிப் பள்ளி. இரண்டு பேர் உட்காருகிற சின்ன விமானம், பக்கத்து சீட்டில் பயிற்சி தருகிற கேப்டன். சில மாதம் அவரோடு பறந்து பழகியதும் ஒருநாள் கேப்டன் இறங்கிக்கொள்வார், மாணவர் தனியாக ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறக்க வேண்டும். அதற்கு சோலோ என்று பெயர். சோலோ போகாதவரை அங்கே யாரும் பைலட் இல்லை, பைலட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்தான். அவள் கூடச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய் வந்துவிட்டார்கள். எழில்மதி மட்டும் மிச்சம்.

காரணம் கையல்ல. கேப்டனே அவள் கையைப் பற்றிக் குறை சொல்லவில்லை. மேலே போய்விட்டால் நிமிஷத்துக்கு நிமிஷம் தான் எங்கே இருக்கிறோம், என்ன செய்யப் போகிறோம் என்று ரேடியோவில், கீழே கண்காணிக்கிற டவருக்குச் சொல்ல வேண்டும். அவள் சொல்வாள். டவரிலிருந்து, "சே அகெய்ன்" என்பார்கள், கேட்கவில்லை, மறுபடி சொல் என்று அர்த்தம். திரும்பச் சொன்னால் அதற்கும் "சே அகெய்ன்". ஹாஸ்டலில் அவளுக்குப் பட்டப் பெயரே அதுதான் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள், கண்ணில் சிரிப்பில்லை.

அந்த மே மாதம், இரண்டாயிரத்துப் பதினாறு, ஒருநாள் காலை கேப்டன் பக்கத்தில் இருக்க அவள் இறங்க வந்தாள். தரை நெருங்கும்போது காற்று பக்கவாட்டில் தள்ளியது. இறங்க வேண்டாம் என்று முடிவு செய்து, விசையைக் கூட்டி, மறுபடி மேலே ஏற்றினாள். முடிவு சரி, கையும் சரி. ஆனால் அப்படி மேலே ஏறினால் அதை அந்தக் கணமே ரேடியோவில் சொல்லியாக வேண்டும். அவள் சொன்னதாகத்தான் இன்றுவரை சத்தியம் செய்கிறாள். உதடு சொல்லியிருக்கிறது, ரேடியோவுக்குக் கேட்கவில்லை. அவள் இறங்கிவிடுவாள் என்ற நினைப்பில் இன்னொரு விமானம் புறப்படுவதற்காக ஓடுபாதைக்குள் நுழைந்துவிட்டது. கேப்டன் மைக்கைப் பிடித்து ஒரு சத்தம் போட்டார். அந்த விமானம் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இறங்கிய பிறகு கேப்டன் திட்டவில்லை. "விழுற தட்டைப் பிடிக்கிற வேலை இல்லம்மா இது. முதல்ல கத்தணும், அப்புறம்தான் பிடிக்கணும்" என்றாராம். அவருக்குத் தட்டு விஷயம் எப்படித் தெரியும் என்று இவளுக்கு ஆச்சரியம். ஒரு வாரம் வீட்டுக்குப் போய்க் கத்திப் பழகிக்கொண்டு வரச் சொன்னார். திங்கட்கிழமை கடைசியாக ஒரு தடவை பார்ப்பார். டவர் ஒரே ஒரு முறை "சே அகெய்ன்" என்று கேட்டாலும் இவள் தனியாகப் பறக்க லாயக்கில்லை என்று எழுதிவிடுவார். அதோடு முடிந்தது.

கத்திப் பழகுவதற்காக அந்த வீட்டுக்கு வந்தாள் பாவி. அதுவும் அப்பனுக்கு நைட் ஷிஃப்ட் வாரத்தில்.

பகலெல்லாம் வீடு பொட்டுச் சத்தமில்லாமல் கிடந்தது. லீவில் பூட்டிக்கிடந்த பள்ளிக்கூடத்துக்கு நான் அட்மிஷன் வேலையாகப் போய்க்கொண்டிருந்தேன். என்னோடு சைக்கிளில் வந்து, ஆளில்லாத வகுப்பில் காலி பெஞ்சுகளைப் பார்த்து நின்றுகொண்டு அவள் தன் ரேடியோ வசனங்களைச் சொல்லிப் பார்த்தாள். முதல் நாள் வராந்தாவில் நின்ற எனக்கே கேட்கவில்லை. நாலாம் நாள் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருந்த கிளார்க் பேனாவை வைத்துவிட்டு, "யாருங்க அது?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டு கேட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் குரல் மறுபடி தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். "வூட்ல வரமாட்டேங்குது டீச்சர்" என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன். அதையும் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கொளஞ்சியப்பன் டிபன் பாக்ஸோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். கம்பெனி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஆள் நல்ல உயரம், கறுப்பு, பழுப்பு நிலக்கரித் தூசி நகக்கண்ணில் எப்போதும் உண்டு. பெல்ட் இரைச்சலில் கத்திக் கத்தி அவருக்கு இயல்பிலேயே பெரிய குரல். வீட்டுக்குள் மட்டும் அடக்கிக்கொள்வார்.

"டீச்சர், பாப்பா பள்ளிக்கூடத்துல போயி கத்திகினு இருக்குதாமே, நெசமாங்க?"

"ஆமா. உங்க வீட்ல கத்த முடியுமா? உங்க பொண்டாட்டி விட்டுருவாளா?"

அவர் தலையைச் சொறிந்தார். "நான் ஒண்ணும் சொன்னதில்லீங்க. அதுவா அப்படி வச்சிகினு இருக்குது. நல்லதுக்குதான பண்ணுதுன்னு நானும் சும்மா இருந்துட்டேன். புள்ளைக்கு இப்படி வந்து முடியும்னு யாரு கண்டா?"

பின்னாலேயே எழில்மதி வந்து நின்றிருந்தாள். அவர் திரும்பி, தெருவே கேட்கிற மாதிரி சொன்னார்: "பாப்பா, நாளைக்கி நான் தூங்கி எழுந்ததும் என் எதிர நின்னு எல்லாத்தையும் சொல்லிக் காட்டு. மைன்ஸ்ல பெல்ட்டு ஓடிகினு இருந்தாலும் எனக்குக் கேக்கணும், அப்படி சொல்லணும். எனக்குக் கேட்டுடுச்சின்னா ஒங்க டவருக்கும் கேக்கும். அப்பறமா பஸ் ஏறு."

அவள் தலையாட்டினாள். "தலையாட்டாத, சொல்லு" என்றார். "சரிப்பா" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. அவர் சிரித்துக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம் போல வந்தார். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, நெஞ்சு கரிக்கிறது என்று ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தார். பத்து மணி வாக்கில் கறிக்குழம்புக்கு மசாலா அரைக்க செங்கமலம் என் அடுப்படிக்கு வந்தாள். மகள் கிளம்புகிற நாள் என்று தேங்காயைக் கூடுதலாகப் போட்டாள். நாங்கள் இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எழில்மதிக்கு பஸ்ஸில் சாப்பிட என்ன கட்டிக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் ஆயிற்று. வழக்கமாக இரண்டு மணிக்கெல்லாம் எழுந்துவிடுவார். அன்றைக்கு எழவில்லை. எழில்மதி குளித்து, தலை பின்னி, பையைக் கட்டி வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு வந்து, "இன்னும் எழுந்துக்கல டீச்சர்" என்றாள். "எழுப்பேன்" என்றேன். அவள் பின்னாலேயே வந்து நின்ற அம்மாவைப் பார்த்தாள். செங்கமலம், "வாரம் பூரா முழிச்சிகினு இருந்த ஒடம்பு. இன்னிக்கி ஒரு நாளாவது அசந்து தூங்கட்டும் பாவம். போன்ல சொல்லிக் காட்டிக்கலாம்" என்றாள். அந்த வீட்டில் தூங்குகிற மனுஷனை யாரும் எழுப்பியதில்லை. எப்படி எழுப்புவது என்றே அவர்களுக்குத் தெரியாது.

பஸ்ஸை விட்டால் திங்கட்கிழமை காலையில் அங்கே நிற்க முடியாது. கிளம்புவதற்கு முன் அப்பா படுத்திருந்த அறைக்குள் அவள் போனாள், இது அவளே பிறகு சொன்னது. ஜன்னலில் போர்வை கட்டி இருட்டாக்கிய அறை. மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவள் கால்மாட்டில் குனிந்தாள். தொட்டால் விழித்துக்கொள்வாரே என்று, பாதத்துக்கு ஒரு விரற்கடை மேலே காற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். கால் அப்போது ஜில்லிட்டுத்தான் கிடந்திருக்க வேண்டும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு செங்கமலம் எங்கள் பின்வாசலில் வந்து நின்றாள். கையில் காப்பி டம்ளர். "டீச்சர், இவுரு எழுந்துக்க மாட்டேங்குறாரு" என்றாள். அப்போதும் அதே குரல், அதே உதட்டசைவு. நான் ஓடிப் போய் லைட்டைப் போட்டேன், முகத்தைத் திருப்பினேன். அலறியது நான்தான். பிளாக் முழுவதும் கூடியது. செங்கமலம் டம்ளரைக் கீழே வைக்காமல், என் அலறலுக்குக் கூசிக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள், காலையிலேயே போயிருக்கிறது என்றார்கள். படுத்த கொஞ்ச நேரத்திலேயே உயிர் போயிருக்குமாம். அப்படியானால் அன்றைக்குப் பகல் முழுக்க, ஒரு கரண்டிச் சத்தம்கூடக் கேட்டுவிடாமல் அந்த இரண்டு பேரும் ஒரு பிணத்தைத் தூங்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எழுதவே கை கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

எழில்மதியை வழியிலேயே போனில் பிடித்துத் திரும்ப வரவழைத்தோம். வந்தாள். ஊர்ப் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவள் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. "அழுதுடு பாப்பா, நெஞ்சு வெடிச்சிடும்" என்று அத்தைக்காரி உலுக்கினாள். உதடு மட்டும் அசைந்தது. எடுத்துக்கொண்டு போகும்போதும் அப்படியேதான்.

காரியம் முடிந்தது. குவார்ட்டர்சைக் காலி செய்ய வேண்டும், விருத்தாசலம் பக்கத்தில் ஒரு வீடு பார்க்கலாம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். படிப்பை விட்டுவிடட்டும் என்றும் பேசினார்கள். ஒருநாள் எழில்மதி என்னிடம் வந்து, "கேப்டன் வரச் சொல்லிட்டாரு டீச்சர். அந்த ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடுறேன். அம்மாவையும் கூப்பிட்டுகினு போறேன், தனியா வுட்டுட்டுப் போவ முடியாது. நீங்களும் வாங்க" என்றாள். நான் லீவு போட்டேன்.

பயிற்சிப் பள்ளியில் விமான ஷெட்டுக்கு வெளியே எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பக்கத்து மேஜையில் ஒரு ரேடியோப் பெட்டி, மேலே இருக்கிறவர்கள் பேசுவது அதில் கேட்கும். கேப்டன் அவளோடு இரண்டு சுற்றுப் போனார். பிறகு விமானம் ஓரமாக நின்றது, அவர் கதவைத் திறந்து இறங்கி, எங்களை நோக்கி நடந்து வந்தார். அவள் மட்டும் உள்ளே இருந்தாள்.

ரேடியோப் பெட்டியில் அவள் குரல் வந்தது. என் காதை நானே நம்பவில்லை. முரட்டுக் குரல், அவள் அப்பனுடைய குரல் மாதிரியே இருந்தது. ஏறும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று, ஓடுபாதைக்கு நேராக வந்ததும் ஒன்று என்று தெளிவாக வந்துகொண்டே இருந்தது. டவர் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. செங்கமலம் வானத்தைப் பார்க்காமல் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரம் தரையைத் தொட்டு ஓடி நின்றதும், "பாஸ்" என்றார் கேப்டன்.

முதல் முறை தனியாகப் போய் வந்தவர் தலையில் கூடப் படிக்கிறவர்கள் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கமாம். பிள்ளைகள் பக்கெட்டோடு தயங்கி நின்றார்கள். "துக்க வீடு, விட்டுருங்கப்பா" என்றார் கேப்டன். அவள் இறங்கி வந்து ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நடுவில் நின்று, "ஊத்துங்க" என்றாள்.

முதல் பக்கெட்டுக்குச் சும்மா நின்றாள். இரண்டாவதில் உடம்பு குலுங்கியது. குளிரில் என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்தச் சத்தம் வந்தது.

"அப்பா! எழுந்துருப்பா! எப்பா, எழுந்துருப்பா!"

டவரில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். பிள்ளைகள் பக்கெட்டைக் கீழே வைத்தார்கள். அவள் தரையில் மண்டிபோட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் போக யாருக்கும் தைரியம் வரவில்லை.

செங்கமலம் நாற்காலியை விட்டு எழுந்தாள். அடக்கத்தான் போகிறாள் என்று நினைத்து நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கத்து பாப்பா. நல்லா கத்து" என்றாள். அது எனக்கு மட்டும்தான் கேட்டது.